பந்தியில் ஓர் ஆள் குறைவு

எங்கள் சபையின் திருவிருந்துக்கு அப்பம் சுட்டுக் கொடுத்த பெண்மணி, கடைசி ஒன்பது வருடம் அந்த அப்பத்தில் ஒரு துண்டைக்கூட வாயில் போடவில்லை. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அப்பத் தட்டு வரிசையாகக் கைமாறி வரும். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார். கண்ணை மூடி, உதட்டை அசைத்து ஏதோ சொல்வார். பிறகு அப்படியே அடுத்த ஆளிடம் தள்ளிவிடுவார். அவர் கையில் அந்தத் தட்டைக் கொடுக்கிறவள் நான். நான் எந்த மூலையில் போய் உட்கார்ந்தாலும் தேடி வந்து என் பக்கத்தில்தான் உட்காருவார்.

அது பாசமா, தண்டனையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எனக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. இன்னும் கோயிலில் பாயில் யாராவது வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் திடுக்கிட்டுத்தான் திரும்பிப் பார்க்கிறேன்.

அப்பக்கார அக்கா என்பதுதான் எல்லோரும் அவரைக் கூப்பிட்ட பெயர். ஞானஸ்நானப் பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். மதுரைக்குக் கிழக்கே, வண்டியூர்த் தெப்பக்குளத்துக்குப் போகிற பாதையில் எங்கள் வேதக்கோயில். அதற்குப் பின்னால் நாலு வீடு தள்ளி அவருடைய வீடு. புருஷன் வெள்ளைக்காரப் பாதிரியார் பங்களாவில் சமையல்காரராக இருந்து செத்துப்போனவர். அவரிடம் கற்றுக்கொண்ட ரொட்டி வேலைதான் அக்காவுக்குச் சோறு போட்டது. கொல்லையில் மண்ணால் ஓர் அடுப்பு கட்டிவைத்து, ஆஸ்பத்திரிக்கு ரொட்டியும் பள்ளிக்கூட விடுதிக்குப் பன்னும் சுட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். கை முழுக்கச் சூட்டுத் தழும்பு. ஆள் குட்டை. குரல் மட்டும் தெப்பக்குளத்து அக்கரைக்குக் கேட்கும்.

அந்தக் காலத்தில் ரொட்டி மாவு பொங்குவதற்குக் கள் ஊற்றித்தான் பிசைவார்கள். எங்கள் மூப்பர் ஒருவர் மதுவிலக்குச் சங்கத்தில் பெரிய ஆள். திருவிருந்து அப்பத்திலும் கள் இருக்கிறது என்று யாரோ அவர் காதில் போட, மனிதர் ஆடிப்போனார். குடையை ஊன்றிக்கொண்டு அக்கா வீட்டுக்கே வந்துவிட்டார்.

"கர்த்தருடைய பந்தியில கள்ளா? இது தகுமாம்மா?"

"மாவு எந்திரிக்கணும்ல ஐயா? நீங்க வேணா சட்டிக்கிட்ட நின்னு ஒரு மணி நேரம் பிரசங்கம் பண்ணிப் பாருங்க. எந்திரிச்சுச்சுன்னா நான் கள்ள விட்டுர்றேன்."

மூப்பர் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அப்பத்தைச் சாப்பிடும்போது மட்டும் கொஞ்சம் முகத்தைச் சுளித்துக்கொள்வார்.

அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை யார் வரவில்லை என்று போதகருக்கும் முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். திங்கட்கிழமை காலையில் ரொட்டிக் கூடை காலியானதும் நேரே வராதவர் வீட்டுக்குப் போய்விடுவார். "நேத்து ஒங்க எடத்துல ஈ ஒக்காந்திருந்துச்சு" என்றுதான் ஆரம்பிப்பார். மில் வேலைக்குப் போகிற ஒருவர் தொடர்ந்து நாலு வாரம் வரவில்லை. அக்கா மில் வாசலில் ஷிப்ட் முடிகிற நேரத்துக்குப் போய், அத்தனை ஆண்களுக்கு நடுவில் கையில் ஒரு பன்னை வைத்துக்கொண்டு நின்றார். "ஏண்ணே, ஒடம்புக்குச் சொகமில்லையோன்னு பன்னு கொண்டாந்தேன்" என்று அந்தக் குரலில் கேட்டால் மனிதர் என்ன செய்வார்? கூட வந்தவர்கள் சிரித்த சிரிப்பில் அடுத்த ஞாயிறு முதல் ஆளாக வந்து உட்கார்ந்துவிட்டார்.

கிறிஸ்துவுக்குள் எல்லோரும் ஒன்று என்று எங்கள் கோயிலில் வாராவாரம் பிரசங்கம் நடக்கும். திராட்சை ரசப் பாத்திரம் ஒன்றே ஒன்று. அதில்தான் எல்லோரும் குடிக்க வேண்டும். ஆனால் அந்தப் பாத்திரம் முதலில் எந்த வீட்டார் உதட்டுக்குப் போகும் என்பது அவரவர் பூர்வீக சாதியைப் பொறுத்திருந்தது. இதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். உட்காருகிற வரிசையிலேயே எல்லாம் தீர்ந்துவிடும். ஒருநாள் அப்படி முந்தி வந்து உட்கார்ந்த ஒரு பெரிய வீட்டு அம்மாளுக்கும் முன்னால், நகராட்சியில் தெருக்கூட்டுகிறவருடைய மனைவியைக் கையைப் பிடித்து இழுத்துவந்து உட்காரவைத்தார் அக்கா. "கொஞ்சம் நகந்துக்கங்கத்தா, இம்புட்டு எடம் போதும்" என்றார். பெரிய வீட்டு அம்மாள் தலைவலி என்று எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார். திங்கட்கிழமை அக்கா தலைவலியை விசாரிக்கப் போனார்.

இப்படி ஒருவரையும் விட மனமில்லாத மனுஷிதான் தட்டைத் தள்ளிவிடுகிறவராக மாறினார். அதற்குக் காரணம் நான்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. மிஷன் பெண்கள் பள்ளியில் ஆசிரியை. அப்பா இல்லை. அம்மாவும் தங்கையும் என் சம்பளத்தை நம்பி இருந்தார்கள். எங்கள் சபையில் ஒரு தையல்காரர் இருந்தார். மனைவியை இழந்தவர். நாலு வயதில் ஒரே பெண். அந்தப் பிள்ளைக்குப் பெரியம்மை கண்டது. அந்த வருடம் ஊரெங்கும் அம்மை. கோயில் மாதர் சங்கத்தில் கூடி ஜெபம் பண்ணிவிட்டு, யாராவது போய்ப் பார்த்து, கஞ்சி கொடுத்து வரவேண்டும் என்று தீர்மானித்தார்கள். எல்லோரும் குனிந்து பாயைப் பார்த்தார்கள். கடைசியில், சின்னப் பெண், கையில் அம்மை குத்தின தழும்பு இருக்கிறது, தைரியமாகப் போகலாம் என்று என்னை அனுப்பினார்கள்.

தூக்குச்சட்டியில் கஞ்சியோடு போனேன். தையல்காரர் வீட்டு நிலையில் வேப்பங்கொத்து செருகியிருந்தது. கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே இருட்டு. அந்தப் பிள்ளை முனகுகிற சத்தம் வெளியே கேட்டது. ஒரு மாதிரி வாடை வந்தது. எனக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த சமயம். முகத்தில் ஒரு தழும்பு விழுந்தால் என் கதி என்ன என்று நினைத்தேன். அவ்வளவுதான், பெரிதாக வேறொன்றும் நினைக்கவில்லை. திரும்பி நடந்தேன். கஞ்சியை வாய்க்காலில் கொட்டினேன்.

ஏன் உள்ளே போகவில்லை என்று சங்கத்து அம்மாமார் கேட்டார்கள். "வேப்பிலை கட்டியிருந்துச்சு" என்றேன். அது உண்மை. "கட்டினா என்ன, நீ போகவேண்டியதுதானே?" என்றார் ஒருவர். அப்போதுதான் அந்தப் பொய் வாயில் வந்தது. "உள்ள கும்பம் வச்சு விளக்கேத்தி இருந்தாங்க. மாரியம்மனுக்குப் பூஜை நடக்கிற இடத்துக்குள்ள நான் எப்படிப் போறது?" அந்த அம்மாமார் முகத்தில் என் பயம் பக்தியாக மாறுவதைக் கண்ணால் பார்த்தேன். ஒருவர் என் தலையைத் தடவிக் கொடுத்தார்.

பிள்ளை பிழைக்கவில்லை. அம்மைக் காலம் ஓய்ந்து ஒரு மாதம் கழித்துச் சபைக் கூட்டம் போட்டார்கள். எங்கள் சபையில் போதகர் தனியாக யாரையும் நீக்க முடியாது. விசாரித்து, எல்லோரும் கை தூக்கித் தீர்மானிக்க வேண்டும். தையல்காரர் ஆண்கள் பக்கத்திலிருந்து எழுந்து நின்றார். முகம் வற்றிப்போயிருந்தது.

"வேப்பிலை கட்டினது உண்டா?" என்று போதகர் கேட்டார்.

"உண்டு."

"கும்பம் வச்சதும் உண்டா?"

"கும்பமா?" அவருக்கு விளங்கவில்லை. "யாரு சொன்னா?"

"டீச்சர் போய்ப் பாத்திருக்காங்க."

அவர் என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். "உள்ள வந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அப்போது அக்கா எழுந்தார். "ஐயா, அந்தப் புள்ள கெடந்த ஒம்பது நாளும் நான் அங்கனதான் இருந்தேன். வேப்பங்கொத்து சாமிக்குக் கட்டுனதில்ல. தெருவுல புள்ளகுட்டிக அலையுது, தெரியாம யாரும் உள்ள வந்துறக் கூடாதுன்னு கட்டுனது. கும்பமும் இல்ல, பூசையும் இல்ல."

அவர் அங்கே இருந்தது எனக்குத் தெரியாது. அந்த இருட்டுக்குள்ளிருந்து வாசலில் நின்ற என்னை அவர் பார்த்தாரா?

"அப்போ டீச்சர் பாத்தது என்ன?" என்றார் போதகர்.

அக்கா என் பக்கம் திரும்பினார். வாயைத் திறந்தார். ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் தொலைந்தேன். பொய் சொன்ன ஆசிரியையை மிஷன் ஒருநாள் வைத்திருக்காது. என் அம்மா, தங்கை, கல்யாணப் பேச்சு எல்லாம் அத்தோடு சரி. அக்கா மெதுவாக, தன் குரலே இல்லாத ஒரு குரலில் சொன்னார்: "வீட்டுக்குள்ள வெளிச்சம் கம்மி ஐயா. டீச்சருக்குச் சரியாத் தெரிஞ்சிருக்காது. என்னத்தா? சரியாத் தெரியலதான?"

எனக்காக ஒரு வழி திறந்துவிட்டார். ஆமாம் அக்கா, சரியாகத் தெரியவில்லை என்று சொன்னால் போதும். தையல்காரரும் பிழைப்பார், நானும் பிழைப்பேன். ஆனால் கோயில் முழுக்க என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. சரியாகத் தெரியாமலா இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தாய் என்று கேட்டால்?

"தெரிஞ்சுச்சு" என்றேன்.

தையல்காரரை நீக்கக் கைகள் உயர்ந்தன. என் கையும் உயர்ந்தது. அக்காவின் கை மடியிலேயே கிடந்தது.

அடுத்த முதல் ஞாயிற்றுக்கிழமை அப்பம் வழக்கம்போல் வந்தது. அக்கா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அதுவரை அவர் என் பக்கத்தில் உட்கார்ந்ததே இல்லை. தட்டை வாங்கினார், தள்ளிவிட்டார்.

இரண்டு மூன்று மாதம் பார்த்துவிட்டு, போதகர் ஆராதனை முடிந்ததும் அவரைக் கூப்பிட்டுக் கேட்டார். நான் பாயைச் சுருட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

"அப்பம் செய்யறீங்க, சாப்பிட மாட்டேங்கறீங்க. கர்த்தர் மேல கோபமாம்மா?"

"அவர் மேல எனக்கென்ன கோவம் ஐயா? அவரு எல்லாரையும்தான் கூப்பிட்டாரு. நாமதான் ஒரு ஆளக் கையப் பிடிச்சு எழுப்பிவிட்டுட்டோம். பந்தியில ஒருத்தர எழுப்பிவிட்டுட்டு, பக்கத்து எலையில ஒக்காந்து திங்கிறதுக்கு எனக்குத் தொண்டைக்குள்ள எறங்கல."

"அது சபை ஒழுங்கும்மா. திருவிருந்து உங்களுக்கும் கர்த்தருக்கும் நடுவில உள்ள காரியம். மத்தவங்களைப் பாத்துச் சாப்பிடறதில்ல."

"அப்பிடியா? அப்ப ஏன் ஐயா எல்லாரையும் கூட்டிவச்சுக் குடுக்கிறீக? ஆளாளுக்கு வீட்ல கொண்டுபோய்க் குடுத்துட்டுப் போகலாம்ல? சபை ஒரே ஒடம்புன்னு நீங்கதான சொன்னீக. ஒடம்புல ஒரு கைய வெளிய போட்டுட்டு வாய் மட்டும் தின்னா அது என்ன ஒடம்பு?"

போதகர் சிரித்தார். பாதியில் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். அடுத்த ஞாயிறு, அவரவர் தம்மைத்தாமே சோதித்து அறிய வேண்டும் என்று ஒன்றே கால் மணி நேரம் பிரசங்கம் செய்தார். நெடுநாள் பந்தியில் சேராதவர் பெயரைப் பதிவேட்டிலிருந்து எடுத்துவிடலாம் என்று ஒரு விதி உண்டு. ஆனால் அக்காவை எடுத்துவிட்டால் அப்பத்துக்கு எங்கே போவது? அதனால் அந்த விதி தூங்கிக்கொண்டிருந்தது.

தையல்காரர் தெருவைக் காலி பண்ணிக்கொண்டு திருப்பரங்குன்றத்துக்குப் போய், ரயிலடிக்குப் பக்கத்தில் மிஷினைப் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு திருவிருந்துக்கும் மறுநாள் அக்கா ஒரு பன்னை எடுத்துக்கொண்டு அங்கே போய்விட்டு வருவார். திரும்பி வந்து என்னைப் பார்த்தால், "நல்லா இருக்காரு. ஒன்னைய விசாரிச்சாரு" என்பார். விசாரிப்பில் குத்தல் இருந்ததா என்று அந்த முகத்தில் தேடுவேன். ஒன்றும் இருக்காது. எனக்குக் காய்ச்சல் என்றால் ரொட்டியும் பாலும் கொண்டுவருவார். என் தங்கை கல்யாணத்துக்கு முதல்நாளே வந்து அடுப்படியில் நின்றார். எனக்கோ பேசிய கல்யாணம் வேறு காரணத்தால் தட்டிப்போனது. அதோடு அந்த ஆசையே விட்டுப்போயிற்று.

ஒவ்வொரு மாதமும் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். சனிக்கிழமை இரவெல்லாம் வாசகங்களைக் கோத்துவைப்பேன். காலையில் தட்டு என் கைக்கு வரும், நான் எடுத்துக்கொள்வேன், அக்கா கைக்குக் கொடுப்பேன். அவர் விரல் என் விரலில் படும். இந்த மாதமும் போயிற்று என்று வீட்டுக்கு வந்துவிடுவேன். தங்கை கல்யாணம் முடியட்டும் என்றிருந்தேன். முடிந்தது. அம்மா காலம் முடியட்டும் என்றிருந்தேன். அதுவும் முடிந்தது. பிறகு காரணம் ஒன்றும் மிச்சமில்லை, பழக்கம்தான் மிச்சம்.

உலகச் சண்டைக் காலம் வந்து கோதுமை மாவு கண்ணில் படாமல் போனது. அக்கா கேழ்வரகை அரைத்து அடை தட்டித் தட்டில் வைத்து அனுப்பினார். கறுப்பாக இருந்த அதை மூப்பர்கள் உற்றுப் பார்த்தார்கள். "ஏழைபாழைக சாப்பிடுறதுதான். கர்த்தருக்குப் புதுசில்ல" என்றார் அக்கா. அந்த அடையையும் அவர் தின்னவில்லை.

அந்தச் சண்டை முடிவதற்குள் அக்கா படுத்துவிட்டார். நெஞ்சில் சளி கட்டிய காய்ச்சல். பள்ளிக்கூடம் விட்டதும் நான் போய் இருப்பேன். ஒரு திங்கட்கிழமை சாயங்காலம். வெந்நீர் கொடுத்து வாயைத் துடைத்துவிட்டேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தவர், ரொம்ப சாதாரணமாகக் கேட்டார்:

"ஏத்தா, அன்னைக்கு அந்தக் கஞ்சிய என்ன செஞ்ச?"

கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தேன். ஒன்பது வருடம் பயந்த கேள்வி இது இல்லை. இதற்கு நான் எந்தப் பதிலும் கோத்து வைத்திருக்கவில்லை.

"வாய்க்கால்ல கொட்டிட்டேன்க்கா."

"அதான் நெனச்சேன்." மூச்சு வாங்கியது. "இருந்தாலும் நீ வாசல் வரைக்கும் வந்த. மத்தவுக தெரு முனைக்கே வரல."

நான் அழுதேன். வெட்கத்தை விட்டுச் சத்தமாகவே அழுதேன். "ஏன்க்கா அன்னைக்கே சொல்லல? எல்லாரு முன்னாடியும் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா ஒன்னையத் தூக்கி வெளிய போட்டிருப்பாக. தையக்காரருக்காவது கையில தொழில் இருக்கு. நீ எங்கத்தா போவ? அவருகிட்டப் போய்ச் சொன்னேன். டீச்சர் புள்ள பயந்துருச்சு, அதுவா வந்து ஒரு நா சொல்லும், அதுவரைக்கும் பொறுத்துக்கங்கன்னேன். அவரும் சரின்னுட்டாரு. நான் என்னமோ ஒரு மாசம், ரெண்டு மாசம்னு நெனச்சேன்."

ஒரு மாசம், ரெண்டு மாசம். அவர் குறையாகச் சொல்லவில்லை. என்னால்தான் அதைக் காதில் வாங்கிக்கொண்டு அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"வாற ஞாயித்துக்கெழம சொல்லிர்றேன்க்கா."

"சொல்லு. எந்திரிக்க முடிஞ்சா அப்பம் சுட்டுக் கொண்டு வாரேன். அவரையும் கூட்டியாந்துருவோம்."

"என் பக்கத்துலயே வந்து ஒக்காந்தீங்களே, அது எதுக்குக்கா?" என்று கேட்டேன். அவர் கண்ணை மூடியிருந்தார். தூங்கிவிட்டாரா, பதில் சொல்ல விருப்பமில்லையா என்று தெரியவில்லை. மறுபடி கேட்கவும் துணிவில்லை.

வெள்ளிக்கிழமை இறந்துபோனார். கல்லறைத் தோட்டத்தில் சபை முழுவதும் கூடியிருந்தது. தையல்காரர் வெளியே மதிலோரம் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். அவரை யாரும் தடுக்கவில்லை, யாரும் உள்ளே கூப்பிடவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று சொன்னேன். கஞ்சி, வாய்க்கால், கும்பம் எல்லாம் சொன்னேன். பனை விசிறிகள் நின்றுபோயின. எனக்கு வரவேண்டியது வரட்டும் என்று காத்திருந்தேன். போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இப்படி ஒரு சாட்சியை நம் சபை கேட்டதில்லை என்றார். மதுவிலக்கு மூப்பர் ஸ்தோத்திரம் என்றார். பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டார்கள். தையல்காரரைத் திரும்பச் சேர்க்கக் கைகள் உயர்ந்தன, ஒருவர்கூட மறுக்கவில்லை. என்னை நீக்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலமே போதகரும் இரண்டு மூப்பர்களும் நானும் திருப்பரங்குன்றத்துக்குப் போனோம். தையல்காரர் மிஷினில் இருந்தார். தலை நரைத்திருந்தது. எங்களைக் கண்டதும் எழுந்து பெஞ்சைத் துடைத்து உட்காரச் சொன்னார். போதகர் சந்தோஷமாக எல்லாவற்றையும் சொன்னார். உண்மை வெளியாகிவிட்டது, சபை ஏகமனதாகத் தீர்மானித்திருக்கிறது, அடுத்த திருவிருந்துக்கு நீங்கள் வந்து முன்னால் உட்கார வேண்டும் என்றார்.

அவர் என்னைப் பார்த்து, "சொல்லிட்டீகளா டீச்சர்?" என்று கேட்டார். பரிவாகத்தான் கேட்டார்.

பிறகு போதகரிடம் சொன்னார்: "போன வாரம் வந்து கூப்பிட்டிருந்தா ஓடி வந்திருப்பேன் ஐயா. ஒம்பது வருசமா நான் வந்தாத்தான் வாயில வைப்பேன்னு அக்கா பட்டினி கெடந்துச்சு. அது ஒரு துண்டு எடுத்துத் திங்கிறதப் பாக்கணும்னுதான் நானும் காத்துக் கெடந்தேன். இப்ப நான் அங்க வந்து, யாரு மொகத்தப் பாத்துத் திங்கிறது?"

என் முகத்தைப் பார்த்து என்று நான் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வாய் வரவில்லை.